கணவாய்க்கு மடி உண்டா?

திருப்பதி,
14 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் பனிக்கட்டிக்கு நடுவே போய் நின்றுகொண்டு நீ "நலம்" என்று எழுதினால் நான் நம்பப் போவதில்லை. இரண்டு சாக்ஸாகப் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். நைனா நகரியில் தறி ஓட்டிக்கொண்டே இருக்கிறார், ஓய்வு எடுங்கள் என்றால் முறைக்கிறார். என் வீட்டுக்காரர் ஹேமநாத்துக்கு ஸ்ரீசிட்டியில் காலை ஷிப்ட், பால்காரர் வருவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது.

உன் கப்பலுக்குப் படம் போகாது, குரல் போகாது, வெறும் எழுத்து மட்டும்தான் போகும் என்றாய். அதுவும் நல்லதுக்குத்தான். நகரியில் பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தது இப்போதுதான் உதவுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சஞ்சுவுக்கு வரும் மார்ச்சோடு மூன்று வயசு முடிகிறது. அதற்குள் திருமலையில் மொட்டை போட்டுவிட வேண்டும் என்கிறார் அத்தை, மாமியார் பேச்சைத் தட்ட முடியுமா? நாலாவது வயசு ஆகாதாம், அப்புறம் ஐந்து வரை காத்திருக்க வேண்டுமாம். இப்போதே பின்னி ரிப்பன் கட்டுகிற அளவுக்கு முடி. தெருவில் எல்லோரும் "பாப்பா பேரு இன்னா?" என்று கேட்கிறார்கள். மார்ச் பதினாறு, திங்கட்கிழமை என்று நாள் பார்த்தாயிற்று.

குழந்தையை மாமன் மடியில் வைத்துத்தான் முதல் மொட்டை. உனக்குத் தெரியாததில்லை. நம் கோகுல் அண்ணன் போய் நாலரை வருஷம் ஆகிறது. அந்த மடி இல்லை. யார் மடியில் வைப்பது என்று அத்தை கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே, எழுதியே தீர வேண்டும். அண்ணன் போனபோதும் நீ கடலில் இருந்தாய். அதற்கப்புறம் நகரி வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு வாரம் தங்கியதில்லை. அண்ணன் பெயரை நான் எடுத்தால் பேச்சை மாற்றுகிறாய். இந்த ஒரு முறை மாற்றாதே. மார்ச்சுக்குள் நீ வர வேண்டும், வருவாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை எதிர்பார்த்து,
உன் தங்கை
கன்னிகா


தெற்குக் கடல்,
3 டிசம்பர் 2025

அன்புள்ள கன்னிகா,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். சாக்ஸ் மூன்று போடுகிறேன். அம்மாவை முட்டிக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கச் சொல். நைனா காலை டிபன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? ஹேமநாத்தை விசாரித்ததாகச் சொல்.

வேலை தொடங்கிவிட்டது. மைல் கணக்கில் கயிறு, அதில் ஆயிரக்கணக்கில் தூண்டில். ஒரு கிலோமீட்டருக்கும் மேலே ஆழத்தில் இறக்கி, மறுநாள் ஏற்றுகிறார்கள். டூத்ஃபிஷ் என்று ஒரு மீன், சிலது ஆள் உயரம்கூட இருக்கும். கப்பல்காரர்கள் என்ன பிடிக்கிறார்கள், எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் வேலை. மிச்ச நேரத்தில் மீன் வயிற்றைக் கிழித்து உள்ளே கணவாய் மூக்கு, ஸ்க்விட் என்கிறார்களே அதன் மூக்கு, இருக்கிறதா என்று தேடுவேன். கணவாய் உடம்பு கரைந்துபோகும், மூக்கு மட்டும் கரையாது. கிளி மூக்கைத் தலைகீழாக வைத்த மாதிரி இருக்கும்.

சென்னை மார்க்கெட்டில் பார்த்தோமே, அந்தக் கையகலக் கணவாய் இல்லை. இது உலகத்திலேயே கனமான கணவாய். பிடிபட்டதில் பெரியது ஐந்நூறு கிலோ பக்கம், ஒரு எருமை கனம். எட்டுக் கை, அது போக நீளமாக இரண்டு. உறிஞ்சிகளோடு கொக்கிகளும் உண்டு, நுனியில் இருப்பவை சுழலும். இதயம் மூன்று, ரத்தம் நீலம். கண்தான் அதிசயம். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவு. உயிருள்ள எதற்கும் இத்தனை பெரிய கண் இல்லை. அடியில் சூரிய வெளிச்சமே கிடையாது, அங்கே இவ்வளவு பெரிய கண் எதற்கு என்கிறாயா? அதைத் தின்ன வருவது திமிங்கிலம். திமிங்கிலம் வரும் வழியில் இருக்கும் பொடிப்பொடி உயிர்கள் அந்த அசைவுக்கு மினுங்கும். அந்த மினுமினுப்பைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளத்தான் அந்தக் கண் என்று நினைக்கிறார்கள்.

குட்டியாக இருக்கும்போது மேல் தண்ணீரில் கண்ணாடி போலத் திரியும். வளர வளரக் கீழே இறங்கும், சிவக்கும். அதன் இடத்திலேயே உயிரோடு முதல்முதலாகப் படம் பிடித்தது இந்த வருஷம்தான், அதுவும் ஒரு முழம்கூட இல்லாத குட்டி. பெரியதை அதன் வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

மொட்டை விஷயத்தில் அத்தை சொல்கிறபடி செய். பெரியப்பா மகன் சுரேஷ்பாபு ரேணிகுண்டாவில்தானே இருக்கிறான்? அவனும் மாமன் முறைதான்.

சஞ்சுவுக்கு முத்தம்.
அன்புடன்
அகிலா


திருப்பதி,
10 டிசம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். மழைக்கு எனக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. அதனால் கத்த முடியவில்லை, எழுதுகிறேன். நான் கேட்டது மாமன் மடி. நீ அனுப்பியது அரை டன் கணவாய்!

ஆனாலும் ஒரு நல்லது நடந்தது. சஞ்சு சோறு உண்ண ஒரு மணி நேரம் படுத்துவான். உன் கடிதத்தை அவனுக்குத் தகுந்த மாதிரி படித்துக் காட்டினேன். தட்டு அளவு கண் என்றதும் வாயைப் பிளந்தான், நான் ஒரு கவளம் உள்ளே தள்ளினேன். கொக்கி சுழலும் என்றேன், இன்னொரு கவளம். தட்டு காலி. பிறகு அந்தத் தட்டைக் கழுவிக்கொடுக்கச் சொல்லி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான்.

அப்புறம்தான் வம்பு. ஹாலில் அண்ணன் படம் இருக்கிறதல்லவா, பைக்கில் உட்கார்ந்து சிரிக்கிறதே, அது. "மாமா எங்கே?" என்று முன்பு ஒரு முறை கேட்டபோது, கடலில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். பொய் இல்லையே, பழவேற்காட்டில் சாம்பல் கரைத்தது நைனாவும் நானும்தானே. இப்போது இவன் படத்தின் முன்னால் போய் நின்று தட்டைக் காட்டுகிறான். "மாமாவுக்கு இவ்ளோ பெர்ய கண்ணு கீது. பெரிம்மா பாத்துக்கினு கீறாங்க" என்கிறான். அவன் கணக்கில் மாமா கடலில் இருக்கிறார், பெரியம்மா கடலில் இருக்கிறாள், பெரியம்மா எழுதுகிற பெரிய கண்காரரும் கடலில் இருக்கிறார். ஆக, கணவாய்தான் மாமா.

நான் திருத்தவில்லை. சோறு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது யார் திருத்துவார்கள்?

அவன் கேட்கச் சொன்னவை: மாமா என்ன துன்னுவார், குளிராதா, என்னைத் தெரியுமா.

நான் கேட்பது: வருவாயா.

உன் தொண்டைக்கும் மிளகு போட்டு ஏதாவது குடி.
கன்னிகா


தெற்குக் கடல்,
22 டிசம்பர் 2025

அன்புள்ள கன்னிகா,

தொண்டை சரியாயிற்றா? எனக்கு ஒன்றும் இல்லை. கை விரல் மட்டும் கொஞ்சம் வெடித்திருக்கிறது.

குழந்தைக்கு அப்படிச் சொல்லி வைக்காதே. அது ஒரு பிராணி. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

கேட்டதற்குப் பதில். மீன் தின்னும், ஆனால் மிகக் கொஞ்சம். அந்தக் குளிரில் உடம்பு மெதுவாக ஓடுவதால் செலவே இல்லை. ஐந்து கிலோ மீன் ஒன்று கிடைத்தால் ஐந்நூறு கிலோ உடம்புக்கு அஞ்சு மாசம் தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. துரத்தி ஓடாது, காத்திருந்து பிடிக்கும். பிடித்ததை மூக்கால் நுணுக்கி நுணுக்கித்தான் விழுங்கும். அதன் மூளை வளையம் மாதிரி, உணவுக்குழாய் அந்த வளையத்துக்கு நடுவே போகிறது. பெரிய கவளமாக விழுங்கினால் மூளைக்கு ஆகாது. வாய் நிறைய அடைத்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம், நம் வீட்டில் ஒருத்தனுக்கு அம்மா தினமும் சொல்வாளே.

குளிராது, அதற்கு அதுதான் பழக்கம். மிதப்பதற்காக உடம்பு முழுக்க அம்மோனியா உப்பு வைத்திருக்கிறது. அதனால் மனிதர்கள் தின்ன முடியாது. வாய் வைத்தால் தரை கழுவுகிற திரவம் மாதிரி இருக்கும் என்று கேப்டன் சொல்கிறார், எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு யாரையும் தெரியாது.

இந்தப் பயணம் பிப்ரவரி கடைசியில் முடியும். கரை தொட்டதும் இன்னொரு கப்பலில் இடம் இருக்கிறது, மே வரைக்கும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். சுரேஷ்பாபு நல்லவன். அவனையே வை. துணிமணிக்கு நான் அனுப்புகிறேன்.

அம்மா நைனாவுக்கு வணக்கம்.
அகிலா


திருப்பதி,
4 ஜனவரி 2026

அக்கா,

புது வருஷ வாழ்த்து. உடம்பு எப்படி இருக்கிறது? விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவு, அது உறைந்திருந்தால் அக்குளில் வைத்து உருக்கு.

மே வரைக்கும் என்பதை அம்மோனியாவுக்கு அடுத்த பாராவில் ஒளித்து வைத்திருக்கிறாய். ஒளித்தால் எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் நீ பரீட்சை மார்க்கைச் சொல்கிற விதமே இதுதான். "நம் வீட்டில் ஒருத்தன்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன். அந்த ஒருத்தனுக்குப் பெயர் இருக்கிறது அக்கா.

உன் பேச்சைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை சுரேஷ்பாபு அண்ணனை வரச் சொன்னோம். பாவம், கார் பொம்மை, ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை, "ஒருவாட்டி மடியில ஒக்கார வெச்சி பாரும்மா, அங்க போயி அழுதான்னா கஷ்டம்" என்றார். பொம்மையை வாங்கிக்கொண்டான், ஆப்பிளை வாங்கிக்கொண்டான், மடியில் மட்டும் உட்கார மாட்டேன் என்றான். மொட்டைக்கு மாமன் மடியில் உட்கார வேண்டும் என்று அத்தை எடுத்துச் சொன்னார். அவன் அண்ணன் படத்தைக் கை காட்டி, "என் மாமா கடல்ல கீறாரு" என்றான். நம் நைனாவும் அன்றைக்கு வந்திருந்தார்.

சுரேஷ்பாபு அண்ணனும் நம் அண்ணனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் சொல்றது சரிதான் பாப்பா" என்று மெதுவாகச் சொன்னார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபமாகப் போகிறார் என்று நினைத்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அந்தக் கடலு ரொம்பக் குளிரா கன்னிகா?" என்று கேட்டார். உன்னைக் கேட்டாரா அண்ணனைக் கேட்டாரா தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு சஞ்சு என்னிடம் வந்தான். "மாமாவுக்கு எட்டு கை கீதே, மடி கீதாம்மா?" என்றான்.

எனக்கு இதற்குப் பதில் தெரியாது. நீதானே படித்தவள், நீ சொல். கணவாய்க்கு மடி உண்டா?

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த இடத்தில் சுரேஷ்பாபு அண்ணன் வேண்டாம். நீ உட்கார வேண்டும். பெண் எப்படி உட்காருவாள் என்று கேட்பார்கள், கேட்கட்டும். அண்ணனுக்கு அடுத்து எனக்கு நீதான் இருக்கிறாய். நீயும் கடலோடு போய்விட்டால் நான் எங்கே போவேன்?

கன்னிகா


திருப்பதி,
21 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? பொங்கல் முடிந்தது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அப்படி எழுதியிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. கப்பல் நன்றாக இருக்கிறது என்று மட்டுமாவது எழுது. அம்மா தினமும் கேட்கிறாள், நான் தினமும் "நேத்துதான் மெயில் வந்துச்சு" என்று பொய் சொல்கிறேன்.

சஞ்சுவும் தினமும் கேட்கிறான், மடி பற்றி.

கன்னிகா


தெற்குக் கடல்,
3 பிப்ரவரி 2026

என் கன்னிகாவுக்கு,

நான் நலம். அம்மாவிடம் பொய் சொல்ல வைத்ததற்கு மன்னித்துக்கொள். ஆன்டெனா உறைந்துபோயிற்று என்று எழுதலாம். கொஞ்ச நாள் உண்மையிலேயே அப்படித்தான். மற்ற நாள்களில் ஆன்டெனா நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் எழுத வரவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம் கயிறு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் முனகியது, வழக்கத்துக்கு மேலே கனம். எட்டிப் பார்த்தேன். தூண்டிலில் ஒரு டூத்ஃபிஷ், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அது வந்திருந்தது. உயிரோடு. செங்கல் சிவப்பு, தண்ணீரின் மேல்பக்கம் முழுக்க அதுவே பரவிக் கிடந்தது. இத்தனை வருஷமாக மூக்கு மூக்காகப் பொறுக்கினேனே, அதன் முழு உருவம்.

கண்ணைப் பார்த்தேன் கன்னிகா. தட்டு அளவேதான். இருட்டுக்கென்று செய்த கண், பகல் வெளிச்சத்தில் அதற்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. என்னைப் பார்த்திருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "கோகுலு" என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான் வந்தது. நாலரை வருஷத்தில் அந்தப் பெயரை நான் சொன்னது அன்றைக்குத்தான்.

கேப்டன் மீனை அறுத்து விடச் சொன்னார். கயிறு தளர்ந்ததும் அது மீனோடு பின்னால் நழுவி இறங்கியது. சிவப்பு கறுப்பாயிற்று, அப்புறம் தண்ணீர்தான். அளவெடுக்க வேண்டியவள் நான், எடுக்கவில்லை. கண்ணளவில் போட்டு எழுதினேன்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். நான் அவனை மறக்கக் கடலுக்கு வரவில்லை. கரையில் இருந்தால் அவன் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. நகரியில் தெருவுக்குள் நுழைந்ததும் அவன் பைக் நிற்கிற இடம் காலியாகக் கிடக்கும். இங்கே இருக்கிற வரைக்கும், அவன் நைனாவோடு தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான், வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம்தான் போன் இல்லை, அதனால்தான் பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எல்லோரும் அவன் இல்லாத வீட்டிலேயே இருந்து பழகிவிட்டீர்கள். நான் ஒருத்தி மட்டும் பழகாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். அது உனக்குச் செய்த துரோகம் மாதிரி இப்போது தோன்றுகிறது.

சஞ்சுவிடம் சொல். நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். எட்டுக் கையும் பிடிக்கத்தான், நீளக் கை இரண்டும் பிடிக்கத்தான். கணவாய்க்கு மடி இல்லை.

எனக்கு இருக்கிறது. அடுத்த கப்பலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அத்தை சம்மதிப்பாரா, கேட்டு எழுது. சம்மதிக்காவிட்டாலும் வருகிறேன், ஒரு ஓரமாக நின்று பார்க்கிறேன்.

உன் அக்கா
அகிலா


திருப்பதி,
8 பிப்ரவரி 2026

என் அக்காவுக்கு,

நீ நலம் என்று முதல் வரியில் பார்த்ததுமே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மிச்சத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். வெளியே சஞ்சு கதவைத் தட்டுகிறான். மடி இல்லையாம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவம் மாமா" என்றான்.

அத்தையிடம் கேட்டேன். சண்டை வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பலமனேர்க்காரர், பத்து மாட்டைத் தனியாகக் கட்டி மேய்த்தவர், பேச்சில் என்னை விட மாட்டார். ஆனால் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே ஆரம்பித்தார்.

"மேனமாமன்னா இன்னா? புள்ளையோட தாய் வூட்டு மனுசன், எனக்கு நீ, உனக்கு நான்னு சொல்ல ஒரு ஆளு. அவளும் தாய் வூட்டு மனுசிதானே? சரே, வரட்டும்."

அவ்வளவுதான். நான் தயாரித்து வைத்த பதிலெல்லாம் வீண். பிறகு சமையலறையிலிருந்து குரல் வந்தது, மாமன் சீர் குறையக் கூடாதாம், பெண் என்று சலுகை இல்லையாம்.

சுரேஷ்பாபு அண்ணனுக்கு மனசு சங்கடமாக இருக்குமோ என்று நானே போய்ச் சொன்னேன். வண்டி ஏற்பாடு தன்னுடையது என்றார். மலை ஏற அவர் வண்டிதான்.

பத்திரமாக வா. உனக்குப் பிடித்த காரப் பொரி வாங்கி வைக்கிறேன்.
கன்னிகா


நியூசிலாந்து,
7 மார்ச் 2026

அன்புள்ள கன்னிகா,

சுகமாகக் கரை இறங்கினேன். பனி வழி மறித்ததால் நாலு நாள் தாமதம். பதினான்காம் தேதி காலை சென்னை வருகிறேன், அங்கிருந்து நேரே நகரி. முதலில் வீட்டுக்குப் போய் அம்மா நைனாவோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டு, மறுநாள் அவர்களையும் கூட்டிக்கொண்டு திருப்பதி வருகிறேன். நகரியில் இறங்க எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் அப்படித்தான் வருவேன்.

சீர் குறையாது என்று அத்தையிடம் சொல். பட்டுத் துணியும் தங்கமும் நைனா பார்த்துக்கொள்கிறார். மொட்டைத் தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி இங்கே வாங்கினேன். திருப்பதி வெயிலுக்கு எதற்கு என்று திட்டாதே, வேறு என்ன வாங்குவதென்று தெரியவில்லை.

இத்தனை வருஷமாக என் மடியில் யாரும் உட்கார்ந்ததில்லை. சரியாகப் பிடித்துக்கொள்வேனா?

அகிலா


திருப்பதி,
9 ஏப்ரல் 2026

அன்புள்ள மொட்டை அக்காவுக்கு,

மொட்டைக் குழந்தையும் மொட்டை இல்லாத மற்றவர்களும் நலம். கப்பல் இல்லாத மாதங்களில் நீ போகிற கோவா ஆபீசில் எல்லோரும் உன் தலையைப் பார்த்து என்ன கேட்டார்கள்? திருப்பதி என்ற ஒரு வார்த்தை போதுமே.

அன்றைக்கு நடந்ததை உனக்கே எழுத வேண்டியதில்லைதான். ஆனால் நீ தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். நீ பார்க்காத பக்கம் என்ன நடந்தது என்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மொட்டை போடுகிற கல்யாணகட்டையில் சஞ்சு உன் மடியில் சமர்த்தாகத்தான் உட்கார்ந்தான். கத்தியைப் பார்த்ததும்தான் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். சுரேஷ்பாபு அண்ணன் போனில் கார்ட்டூன் காட்டினார், அத்தை பூந்தி காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. மழிக்கிற அம்மா சலித்துப்போய், "முந்து மீரு கூர்ச்சோண்டம்மா" என்றாள். முதலில் நீங்கள் உட்காருங்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். அவள் வாயை மூடுவதற்குள் நீ பின்னலை அவிழ்த்துவிட்டாய். ஹேமநாத் "அக்கா, வேணாம்" என்றார், உன் காதில் விழுந்ததா?

இனிமேல் நீ பார்க்காதது. உன் முடி விழ விழ சஞ்சு அழுகையை நிறுத்தி, விரலால் உன் மண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நைனா உனக்குப் பின்னால் தூணோடு நின்றுகொண்டிருந்தார். பாதித் தலை ஆனதும் நாலடி முன்னால் வந்தார். முழுக்க ஆனதும் அந்த ஈரத் தரையிலேயே உனக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கால் வழுக்கிவிட்டதோ என்று நான் ஓடினேன். அவர் உன் பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோகுலுக்கும் இதே மண்டதாண்டி. அஞ்சு வயசுல இதே எடத்துல பாத்தேன். அதே மண்ட, அப்பிடியே கீது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் போனதிலிருந்து நைனா எங்கள் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. உன்னை மட்டும் குற்றம் சொன்னேன், அவரும் அப்படித்தான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் உறைக்கவில்லை. சஞ்சுவை நீ மடியில் வாங்கிக்கொண்டு "கோவிந்தா" சொன்னபோது நைனா உன் தலையில் கை வைத்தாரே, அது ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பாய். அவர் வெறுமனே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

இப்போது நகரியில் சாப்பிடும்போது அண்ணன் கதைதான் ஓடுகிறதாம். அம்மா சொன்னாள். நேற்று நைனா அண்ணன் பைக்கைத் துடைத்து வெளியே நிறுத்தியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. பக்கத்துத் தெரு பாலர் பள்ளியில் சஞ்சுவைச் சேர்க்கப் போனோம். டீச்சர் அவன் தலையைத் தடவி, "யார் மடியில ஒக்காந்து மொட்ட போட்டீங்க, மாமா மடியிலயா?" என்று கேட்டாள். இவன் விரலை மடக்கிக் கணக்கு சொன்னான்.

"எனக்கு ரெண்டு மாமா. ஒருத்தரு கடல்ல கீறாரு. ஒருத்தருக்கு மொட்ட."

அத்தை திருத்துவார் என்று பார்த்தேன். "ஆமாம்மா, ரெண்டு பேரு" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு அவன் மூக்கைத் துடைத்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலையில் எண்ணெய் வை, நல்ல முடி வரட்டும்.
கன்னிகா


கோவா,
14 ஏப்ரல் 2026

அன்புள்ள சஞ்சுவுக்கு,

அம்மா இதைப் படித்துக் காட்டுவாள். அவள் நடுவில் அழுதால் நீ தட்டை எடுத்து அவளுக்கு விளையாட்டு காட்டு.

நலமா? சோற்றைச் சின்னச் சின்னக் கவளமாகத் துன்னுகிறாயா? எனக்கு முடி ஒரு எள் அளவு வந்திருக்கிறது. உனக்கு எவ்வளவு என்று பார்த்து எழுதச் சொல். தொப்பி ஒன்றுதான் வாங்கினேன், இரண்டு வாங்கியிருக்க வேண்டும்.

மறுபடி கடலுக்குப் போக நவம்பர் ஆகும். அதுவரை மாதம் ஒரு முறை நகரிக்கும் திருப்பதிக்கும் வருவேன் என்று தாத்தாவிடம் சொல். போகும்போது பெரிய கண் மாமாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் நீ யோசித்து வை. அவர் கீழே இருக்கிறார், மேலே வர மாட்டார். இருந்தாலும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, சத்தமாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு
உன் மொட்டை மாமா
அகிலா